எந்த விண்கலம் உசத்தி?

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் பொழுது சாய்ந்ததும் கிட்டங்கிகள் ஒவ்வொன்றாகக் கதவடைக்கும். மிளகு, சுக்கு, ஏலக்காய் மூட்டைகளை ஏற்றி இறக்கிய தொழிலாளர்களும், பேரேட்டை மூடிவைத்த குமாஸ்தாக்களும் டீக்கடை பெஞ்சில் வந்து உட்காருவார்கள். ஒரு காலத்தில் அந்த பெஞ்சில் எம்.ஜி.ஆரா, சிவாஜியா என்று வாக்குவாதம் நடக்கும். பிறகு ரஜினியா, கமலா என்று ஆயிற்று. இப்போது செல்போனும் கையுமாக வளரும் பிள்ளைகள் நடத்தும் வாக்குவாதம் வேறு. 'ஸ்டார் டிரெக்' கதையில் வரும் எண்டர்பிரைஸ் கப்பல் உசத்தியா, 'ஸ்டார் வார்ஸ்' கதையில் வரும் மில்லேனியம் பால்கன் உசத்தியா என்பதே அது.

அப்படி இரண்டு இளைஞர்கள் உரக்கப் பேசிக்கொண்டிருந்தபோது, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து தலை நரைத்துப்போன சுமைத் தொழிலாளி ஒருவர் குறுக்கிட்டார்.

"எது வேகமாப் போகும்ங்கிறது இருக்கட்டும் தம்பி. அதுல ஏறிப் போனவன் திரும்பி வரும்போது அவன் பிள்ளைக்கு எத்தனை வயசு ஆகியிருக்கும்?"

"அதைப் படத்துல சொல்லலியே, அண்ணாச்சி" என்றான் ஒருவன்.

பெரியவர் கேட்டது விளையாட்டுக் கேள்வி அல்ல. விண்கலக் கதைகளை ஒப்பிட அதைவிடச் சரியான அளவுகோல் கிடையாது என்றே சொல்ல வேண்டும்.

இரண்டு கட்சிகள்

முதலில் இரு கட்சியின் வாதங்களையும் நியாயமாகப் பார்ப்போம்.

'ஸ்டார் டிரெக்' 1966-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய தொடர். அதன் கப்பலில் பொருளும் எதிர்ப்பொருளும் ஒன்றையொன்று அழித்துச் சக்தியாகின்றன. அந்தச் சக்தியைக் கொண்டு கப்பல் தன்னைச் சுற்றியுள்ள வெளியையே வளைத்து, ஒளியை முந்திச் செல்கிறது. இதற்கு 'வார்ப்' என்று பெயர். வேகத்துக்கும் ஒரு வாய்பாடு உண்டு. பழைய தொடரின் கணக்குப்படி, வார்ப் எண்ணை அதே எண்ணால் இருமுறை பெருக்கினால் ஒளியைப்போல எத்தனை மடங்கு என்று தெரியும். வார்ப் 6 என்றால் 216 மடங்கு. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரமான பிராக்சிமா செண்டாரி 4.24 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. வார்ப் 6 வேகத்தில் அங்கே ஏழு நாளில் போய்விடலாம். 1987-ல் வந்த அடுத்த தொடரில் இந்த வாய்பாட்டையே மாற்றிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

'ஸ்டார் வார்ஸ்' 1977-ல் வெளிவந்த திரைப்படம். அதன் 'ஹைப்பர் டிரைவ்' எப்படி ஓடுகிறது என்று யாரும் விளக்குவதில்லை. நெம்புகோலை இழுத்தால் நட்சத்திரங்கள் கோடுகளாக நீளும், கப்பல் மறைந்துவிடும். ஒரு மண்டலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவது அங்கே பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போய்வருவதுபோல. கப்பல் தலைவன் ஹான் சோலோ, ஒரு பாதையைப் பன்னிரண்டு பார்செக்குக்குள் கடந்ததாகப் பெருமை அடித்துக்கொள்கிறான். பார்செக் என்பது நேரத்தின் அளவு அல்ல, தூரத்தின் அளவு. ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு. லாரி டிரைவர் ஒருவர், "எத்தனை மணி நேரத்தில் வந்தீர்கள்?" என்று கேட்டால், "பன்னிரண்டு கிலோமீட்டரில் வந்தேன்" என்று பதில் சொன்ன கதைதான். 2018-ல் வந்த படத்தில், அவன் குறுக்கு வழியில் போனான் என்று சமாதானம் சொல்லி ஒப்பேற்றினார்கள்.

வாய்பாடு இருப்பதால் எண்டர்பிரைஸ் கட்சி தன்னை அறிவியல் கட்சி என்று சொல்லிக்கொள்கிறது. வேகமும் விறுவிறுப்பும் தன் பக்கம் என்கிறது பால்கன் கட்சி. இரண்டிலும் உண்மை உண்டு. ஸ்டார் வார்ஸ், ராஜகுமாரியைச் சிறைமீட்கும் விக்கிரமாதித்தன் கதை வகையைச் சேர்ந்தது. அதில் வாய்பாடு தேடுவது வேதாளத்திடம் ரேஷன் கார்டு கேட்பதைப் போன்றது.

நம் கண் முன்னே உள்ள அளவு

கப்பலின் நீள அகலத்திலும் சண்டை உண்டு. பழைய எண்டர்பிரைசின் நீளம் சுமார் 289 மீட்டர். ஆட்கள் 430 பேர். ஸ்டார் வார்ஸ் பேரரசின் போர்க்கப்பல் 1,600 மீட்டர். அதில் 37,000 பேருக்கு மேல் இருப்பதாக அந்தக் கதையுலகக் கையேடுகள் சொல்கின்றன.

கொச்சியில் வாழ்பவர்கள் இந்த அளவைப் புரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டியதில்லை. காயலுக்கு அக்கரையில் உள்ள கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் உருவான விமானந்தாங்கிக் கப்பல் ஐ.என்.எஸ். விக்ராந்தின் நீளம் 262 மீட்டர். எண்டர்பிரைசுக்குச் சற்றே குறைவு. 2009-ல் அடிப்பலகை வைத்து, 2013-ல் நீரில் இறக்கி, 2022 செப்டம்பர் 2-ந் தேதி கடற்படையில் சேர்த்தார்கள். பதின்மூன்று ஆண்டு உழைப்பு; ஏறத்தாழ 20,000 கோடி ரூபாய் செலவு. அதில் சுமார் 1,600 பேர் தங்கலாம்.

கடலில் மிதக்கும் ஒரு கப்பலுக்கே இத்தனை ஆண்டும் இத்தனை கைகளும் வேண்டியிருக்கின்றன. ஆனால் விண்கலக் கதைகளில் கப்பலைக் கட்டியவர்களைக் காண்பது அரிது. பற்றவைத்தவர் யார், பெயிண்ட் அடித்தவர் யார், சரக்கு ஏற்றியவர் யார்? எண்டர்பிரைசில் ஸ்காட்டி என்று ஒரு என்ஜினியராவது இருக்கிறார். என்ஜின் தாங்காது என்று அவ்வப்போது முறையிடுகிறார். விண்வெளியில் கூலி வேலை செய்பவர்களை நடுவில் வைத்த கதை வேண்டுமென்றால் 2011-ல் தொடங்கிய 'எக்ஸ்பான்ஸ்' நாவல் வரிசையைச் சொல்லலாம். அதில் விண்கற்களில் சுரங்க வேலை பார்ப்பவர்கள் குறைந்த ஈர்ப்பிலேயே பிறந்து வளர்கிறார்கள். அவர்கள் உடம்பு பூமியின் கனத்தைத் தாங்காது. பாட்டன் ஊருக்குப் போக நினைத்தாலும் கால் நிற்காது. வெளிமாநிலத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தச் சங்கடம் கொஞ்சம் புரியும்.

உண்மைக் கணக்கு

கதை இருக்கட்டும், உண்மை எங்கே நிற்கிறது?

ஸ்டார் வார்ஸ் வெளிவந்த அதே 1977-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி அமெரிக்கா வாயேஜர்-1 விண்கலத்தை அனுப்பியது. மனிதன் செய்த பொருள்களில் இதுவே மிகத் தொலைவில் இருப்பது. 2,500 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் போய்விட்டது. அதன் செய்தி ஒளிவேகத்தில் வந்துமே நம்மை எட்ட ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. வினாடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் ஓடும் இக்கலம், பிராக்சிமா உள்ள தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 75,000 ஆண்டுகள் ஆகும். கதையில் ஏழு நாள். உண்மையில் எழுபத்தையாயிரம் ஆண்டு!

ரசிகர்களின் ஆர்வத்துக்கு அமெரிக்க அரசே ஒருமுறை தலைவணங்கியது. அவர்கள் மலை மலையாகக் கடிதம் எழுதியதால், 1976-ல் முதல் விண்வெளி ஓடத்துக்கு எண்டர்பிரைஸ் என்றே பெயர் வைத்தார்கள். ஆனால் அந்த ஓடம் சோதனைக்காகச் செய்தது. அது விண்வெளிக்குப் போகவே இல்லை.

நம் நாட்டுக் கதை இதே கேரளத்தில் தொடங்கியது. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21-ந் தேதி முதல் ராக்கெட் கிளம்பியது. அமெரிக்கா தந்த சிறிய ராக்கெட் அது. அங்கிருந்த தேவாலயமே அலுவலகம் ஆயிற்று; ராக்கெட் பாகங்கள் சைக்கிளில் வந்தன. ராமேசுவரத்துப் பிள்ளை அப்துல் கலாம் அங்கே வேலை செய்த இளம் என்ஜினியர்களில் ஒருவர். அதுவும் பிழைப்புக்காக எல்லை தாண்டி வந்த ஒரு தமிழனின் கதைதான்.

வெளியை வளைத்துப் போவது முழுப் பொய்யா என்றால், அப்படியும் சொல்வதற்கில்லை. மெக்சிகோ நாட்டு இயற்பியலாளர் மிகுவேல் அல்குபியெர்ரே 1994-ல், ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்கு முரணில்லாமல் அப்படி ஓர் ஏற்பாட்டை ஏட்டில் எழுதிக் காட்டினார். ஆனால் அதற்கு எதிர்மறைச் சக்தி வேண்டும். அந்தச் சரக்கு எந்தக் கிட்டங்கியிலும் இல்லை.

காலம் என்னும் கட்டணம்

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம்.

ஒளியை முந்த முடியாது என்பதோடு இன்னொன்றும் ஐன்ஸ்டைன் 1905-ல் சொன்னார். ஒளியின் வேகத்தை நெருங்கிப் பறப்பவனுக்குக் காலம் மெதுவாக ஓடும். இது கற்பனை அல்ல. 1971-ல் அணுக் கடிகாரங்களை விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றிவந்து சோதித்தபோது, அவை தரையிலிருந்த கடிகாரத்திலிருந்து மிக மிகச் சிறிய அளவில் மாறுபட்டிருந்தன. செல்போனில் வழிகாட்டும் செயற்கைக்கோள்களின் கடிகாரங்களையும் இந்தக் கணக்குப்படி திருத்தித்தான் வைத்திருக்கிறார்கள்.

ஒளிவேகத்தில் நூற்றுக்கு 99 பங்கு வேகத்தில் ஒரு கலம் பிராக்சிமா போய் உடனே திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் எடுக்கவும் குறைக்கவும் ஆகும் நேரத்தை விட்டுவிடுவோம். கலத்தில் இருப்பவனுக்கு ஓராண்டும் இரண்டரை மாதமும்தான் கழியும். ஆனால் பூமியில் எட்டரை ஆண்டு ஓடியிருக்கும். மூன்று வயதில் கையசைத்து வழியனுப்பிய குழந்தைக்கு, அப்பன் திரும்பும்போது பதினோரு வயது தாண்டியிருக்கும். அப்பனுக்கோ அந்தக் குழந்தையைத் தூக்கி வைத்திருந்தது போன வருஷத்து ஞாபகம்.

ஊரைவிட்டு வந்து வேலை செய்பவர்களுக்கு இதைக் கரும்பலகையில் எழுதி விளக்கத் தேவையில்லை. பொங்கலுக்குப் பொங்கல் ஊருக்குப் போகிறவன் காண்பது இதைத்தான். போன தடவை தவழ்ந்தது இந்தத் தடவை பள்ளிக்கூடம் போகிறது. போன தடவை திண்ணையில் உட்கார்ந்திருந்த தாய் இந்தத் தடவை போட்டோவில் இருக்கிறாள். அவனுக்கு மட்டும் கிட்டங்கியும் வாடகை அறையுமாக அதே வருஷம் நீண்டுகொண்டிருக்கிறது.

எண்டர்பிரைசும் பால்கனும் இந்தக் கட்டணத்தைக் கட்டாமல் ஏமாற்றிவிடுகின்றன. இரண்டும் ஒளியை முந்திப்போய், புறப்பட்டபடியே திரும்பிவிடுகின்றன. ஸ்டார் டிரெக் வரிசையிலேயே 1995-ல் தொடங்கிய 'வாயேஜர்' தொடர் மட்டும் கொஞ்சம் மனசாட்சியோடு நடந்துகொண்டது. அதில் ஒரு கப்பல் 70,000 ஒளியாண்டுக்கு அப்பால் தூக்கி எறியப்படுகிறது. முழு வேகத்தில் வந்தாலும் வீடு சேர 75 ஆண்டு. போரும் வெற்றியும் அல்ல, ஊர் திரும்புவதே அந்தக் கப்பலின் வேலை.

கட்டணத்தை முழுதாகக் கட்டிய கதைகளும் உண்டு. வியட்நாம் போரில் சண்டையிட்டுத் திரும்பிய ஜோ ஹால்ட்மன் 1974-ல் எழுதிய 'பாரெவர் வார்' நாவலில், சிப்பாய்க்குச் சில ஆண்டு கழிவதற்குள் பூமியில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஓடிவிடுகிறது. 2014-ல் வந்த 'இண்டர்ஸ்டெல்லார்' படத்தில் ஒரு கிரகத்தில் ஒரு மணி நேரம் கழிந்தால் பூமியில் ஏழு ஆண்டு கழிகிறது. அங்கே வேகம் காரணமல்ல. பக்கத்திலிருக்கும் கருந்துளையின் ஈர்ப்பு காரணம். கணக்கைச் சரிபார்த்தவர் 2017-ல் நோபல் பரிசு பெற்ற கிப் தார்ன். சில மணி நேரம் இருந்துவிட்டுக் கலத்துக்குத் திரும்பும் தகப்பன், இருபத்துமூன்று ஆண்டுகளாகப் பிள்ளைகள் அனுப்பிச் சேர்ந்துகிடக்கும் வீடியோச் செய்திகளை ஒவ்வொன்றாகப் பார்த்து அழுகிறான். அந்தக் காட்சிக்குப் பொருள் சொல்ல மட்டாஞ்சேரியில் ஆள் தேட வேண்டாம்.

செய்தி முன்னே, ஆள் பின்னே

அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லே குவின் 1966-ல் எழுதிய நாவலில் வேறொரு வழி சொன்னார். அவருடைய கதைகளில் மனிதன் ஏறும் கப்பல் ஒளியை முந்தாது. ஆனால் 'ஆன்சிபிள்' என்று ஒரு கருவி உண்டு. அதில் அனுப்பும் செய்தி எத்தனை ஒளியாண்டு தூரமானாலும் உடனே போய்ச் சேரும். உடம்பு போக வருஷக்கணக்கு. பேச்சு போக ஒரு கணம்.

இன்று நம்மவர்களின் வாழ்க்கை ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. செல்போனில் பேத்தியின் முகம் உடனே தெரிகிறது. அவளைத் தூக்க வேண்டுமானால் டிக்கெட் கிடைக்க வேண்டும், லீவு கிடைக்க வேண்டும், ராத்திரி முழுக்க உட்கார்ந்து போக வேண்டும். 2020 மார்ச்சில் பயணிகள் ரெயில்கள் நின்றபோது கொச்சிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே பிராக்சிமா தூரம் வந்துவிட்டது. பேச்சு மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஆள் போக வழியில்லை.

மிளகும் கப்பலும்

1965-ல் பிராங்க் ஹெர்பர்ட் எழுதிய 'டியூன்' நாவலை மட்டாஞ்சேரிக் கதை என்றே சொல்லிவிடலாம். அதில் கப்பல் ஓட்டிகள் ஒரு வாசனைப் பொருளை உட்கொண்டால்தான் நட்சத்திரங்களுக்கு இடையே வழி தெரியும். அது ஒரே ஒரு கிரகத்தில்தான் கிடைக்கிறது. கப்பல்களோ ஒரே சங்கத்தின் கையில். அவர்கள் கேட்ட கூலியைக் கொடுத்தால்தான் பயணம்.

பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் அரபிக் கடலில் இதைத்தான் செய்தார்கள். அவர்களிடம் கர்த்தாஸ் என்னும் அனுமதிச் சீட்டு வாங்காத கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். மிளகுக்காகவே கேப்ரால் 1500-ல் கொச்சி வந்தார். லிஸ்பனிலிருந்து வர அன்று ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். திரும்ப, காற்றின் தயவு வேண்டும். மூன்றாம் முறை இந்தியா வந்த வாஸ்கோட காமா 1524 டிசம்பரில் கொச்சியிலேயே இறந்தார். கோட்டைக் கொச்சி தேவாலயத்தில் புதைத்து, பிற்பாடு எலும்புகளைத்தான் ஊருக்கு எடுத்துப் போனார்கள். அக்காலத்துச் சிறந்த கப்பல்களுக்குத் தலைவரான அவருக்கே திரும்பிப் போகும் பயணம் கிட்டவில்லை.

நம் வீட்டுக் கலங்கள்

தமிழில் இப்படிக் கலங்கள் இல்லையா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். உண்டு. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் மயிற்பொறி செய்விக்கிறான். துணி, நூல், அரக்கு, மெழுகு என்று அது செய்யப்பட்ட பொருள்களைக்கூடத் திருத்தக்கதேவர் சொல்கிறார். வலப்பக்கம் திருகினால் ஏறும், இடப்பக்கம் திருகினால் இறங்கும். நெம்புகோலை இழுத்து மறையும் பால்கனைவிட இதில் விளக்கம் அதிகம்! கணவன் சாகப்போகும் வேளையில் கருவுற்ற மனைவியைக் காப்பாற்ற உதவியது அந்தக் கலம்.

1963-ல், தும்பா ராக்கெட் கிளம்பிய அதே ஆண்டில், எம்.ஜி.ஆர். நடித்த 'கலை அரசி' வந்தது. அதில் பறக்கும் தட்டில் வேற்றுக்கிரகத்தார் வருகிறார்கள். அறிவியலில் முன்னேறிய அவர்களுக்கு இசை தெரியாது. அதனால் பாடத் தெரிந்த பானுமதியைக் கொண்டுபோய்விடுகிறார்கள். வேலைக்கு ஆள் பிடிக்க வரும் ஏஜெண்டுகளை நினைவூட்டும் கதை!

புஷ்பக விமானத்தைச் சொல்லாமல் இந்தப் பட்டியல் முடியாது. எத்தனை பேர் ஏறினாலும் அதில் இன்னொருவருக்கு இடமிருக்கும் என்பார்கள் பெரியோர். முன்பதிவு இல்லாத பெட்டியில் நிற்பவர்களுக்கு அதைவிட உயர்ந்த தொழில்நுட்பம் எது? ஆனால் இதைக் கொண்டு முன்னோர் விமானம் ஓட்டினார்கள் என்று சாதிக்க வேண்டியதில்லை. வைமானிக சாஸ்திரம் என்னும் நூலை ஆராய்ந்த பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தினர், அதில் வரைந்துள்ளவை பறக்காது என்று 1974-லேயே எழுதிவிட்டார்கள். கற்பனையைக் கற்பனையாக வைத்துப் பெருமைப்படுவதில் குறைவொன்றுமில்லை.

அந்தக் கற்பனையில் கவனிக்க வேண்டியது விமானத்தின் வேகமல்ல. பதினான்கு ஆண்டு முடியும் நாளில் அண்ணன் வராவிட்டால் தீயில் இறங்குவேன் என்று பரதன் காத்திருக்கிறான். நேரம் நெருங்குகிறது. விமானம் இருந்தும், செய்தி சொல்ல அனுமனை முன்னே அனுப்புகிறான் இராமன். செய்தி முன்னே போகிறது, ஆள் பின்னே வருகிறான், ஓர் உயிர் பிழைக்கிறது. சொன்ன நாளில் வீடு சேர வேண்டும் என்பதைப் பறக்கும் கலத்தோடு சேர்த்துச் சொன்ன கதை நம்மிடம் இருக்கிறது.

தீர்ப்பு என்ன?

எனவே, எந்த விண்கலம் உசத்தி என்ற கேள்விக்கு வேகத்தையும் நீளத்தையும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. வேகம் கதாசிரியன் இஷ்டம். ஒரு சைபர் கூடப் போட்டால் வேகம் பத்து மடங்கு ஆகிவிடும். வேறு மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். தானே வகுத்த விதியை அந்தக் கலம் மதிக்கிறதா? அதை ஓட்டவும் சுமக்கவும் உழைப்பவர்கள் கண்ணுக்குத் தெரிகிறார்களா? போனவனுக்காகக் காத்திருப்பவர்களின் காலத்துக்கு அது கணக்குச் சொல்கிறதா? மூன்றாவது கேள்வியில் எண்டர்பிரைசும் பால்கனும் தோற்கின்றன. லே குவினின் மெதுவான கப்பல் ஜெயிக்கிறது.

பெற்றோர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். பிள்ளைகள் இந்தப் படங்களைப் பார்த்து வாதாடினால், உருப்படாத பேச்சு என்று அதட்டி அடக்காதீர்கள். "போய்வர எத்தனை வருஷம்? கணக்குப் போட்டுக் காட்டு" என்று கேளுங்கள். அங்கிருந்துதான் இயற்பியல் தொடங்குகிறது. தும்பாவுக்குச் சைக்கிளில் போனவர்களும் ஒருகாலத்தில் இப்படி அண்ணாந்து பார்த்த பிள்ளைகளே.

தமிழில் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அமெரிக்கக் கப்பலுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டினால் போதாது. சரக்கு ஏற்றுகிறவனும் கணக்கெழுதுகிறவனும் ஏறிப்போகும் ஒரு விண்கலம் எழுதுங்கள். அவன் வீட்டில் விளக்கு வைத்துக் காத்திருக்கும் ஆளையும் அதே கதையில் எழுதுங்கள். பிரிவையும் காத்திருத்தலையும் முல்லைத் திணையாகவும் பாலைத் திணையாகவும் பாடிவைத்த மொழிக்கு இது கஷ்டமான வேலை அல்ல.

டீக்கடையில் அன்று வாதம் முடியவில்லை. இளைஞர்களில் ஒருவன் செல்போனில் கணக்குப் போட்டு, "எட்டரை வருஷம், அண்ணாச்சி" என்றான். பெரியவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"எட்டரைதானா? நான் இங்க வந்து முப்பது ஆச்சு தம்பி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.